விண்ணப்பம் போட்டாச்சு, அப்புறம்?

வேலை தேடுகிறவரிடம் "எப்படிப் போகுது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அம்பது அறுபது இடத்துக்கு அப்ளை பண்ணியிருக்கேன், ஒண்ணும் வரலை." அந்தப் பதிலில் ஒரு தேதிகூட இருக்காது. விளம்பரம் எப்போது வந்தது, எப்போது முடிகிறது, அடுத்து யாரிடம் எந்தக் கிழமை பேச வேண்டும், எதுவும் தெரியாது. சிங்கப்பூரில் வேலை தேடுவது பாதிக்கு மேல் தேதிக் கணக்கு. சில தேதிகளைச் சட்டம் போட்டிருக்கிறது, மற்றவற்றை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் 14 நாள் கணக்கு. ஒரு நிறுவனம் வெளிநாட்டவர் ஒருவருக்கு எம்பிளாய்மென்ட் பாஸோ எஸ் பாஸோ, அதாவது வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டுமென்றால், அந்த வேலையை அரசாங்கத்தின் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் வேலைத் தளத்தில் குறைந்தது 14 நாள் தொடர்ந்து விளம்பரம் செய்திருக்க வேண்டும். கொவிட் காலத்தில் இது 28 நாளாக இருந்தது, 2023 செப்டம்பரில் மறுபடி 14 ஆனது. பத்து ஊழியருக்குக் குறைவான நிறுவனங்களுக்கும், மாதம் 22,500 வெள்ளியும் அதற்கு மேலும் சம்பளம் உள்ள வேலைகளுக்கும் விலக்கு உண்டு.

இந்த விதி வேலை தேடுகிறவருக்கு எதற்கு? விளம்பரத்தின் வயதைப் படிப்பதற்கு. தளத்தில் ஒவ்வொரு விளம்பரத்திலும் போட்ட தேதி, முடியும் தேதி, சம்பள வரம்பு எல்லாம் இருக்கின்றன. நீங்கள் குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால் முதல் மூன்று நாளுக்குள் விண்ணப்பியுங்கள். இரண்டாவது வாரத்தில் போய்ச் சேருகிற விண்ணப்பத்தைத் திறக்கும்போது மனிதவளப் பிரிவில் பெரும்பாலும் ஒரு குறுகிய பட்டியல் தயாராகியிருக்கும். அதே விளம்பரம் இரண்டு மாதத்தில் மூன்று முறை புதிதாகப் போடப்பட்டிருந்தால் அங்கே ஏதோ சிக்கல்: கேட்கிற தகுதிக்கும் கொடுக்கிற சம்பளத்துக்கும் பொருந்தவில்லை, அல்லது வந்தவர்கள் நிலைக்கவில்லை. அதை ஒதுக்கிவிடாதீர்கள். அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்து "இந்த வேலை இன்னும் திறந்திருக்கிறதா, எந்த அனுபவத்தை முக்கியமாகப் பார்க்கிறீர்கள்" என்று கேட்கப் பத்து நிமிடம் செலவழிக்கலாம்.

வேலை முகவைகள் போடும் விளம்பரங்களில் நிறுவனத்தின் பெயர் இருக்காது. விளம்பரத்தின் நடுவிலிருந்து ஒரு நீளமான வாக்கியத்தை நகலெடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். நிறுவனமே தன் தளத்தில் போட்ட மூல விளம்பரம் பல நேரம் அகப்படும்.

பழைய வேலையின் கடைசி வாரம்

ஆட்குறைப்புக் கடிதம் வந்ததும் கை நடுங்குவது இயல்பு. ஆனால் அலுவலகக் கணினி இன்னும் திறக்கிற அந்தச் சில நாட்களில் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்ய முடியாது. கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம், ஆண்டு மதிப்பீட்டுக் கடிதங்கள் ஆகியவற்றைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். வாடிக்கையாளர் பட்டியல், உள் ஆவணம் எதையும் தொட வேண்டாம், அது வழக்காகிவிடும். லிங்க்ட்இன் கணக்கும் பயிற்சித் தளக் கணக்குகளும் அலுவலக மின்னஞ்சலில் பதிந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு அந்த அஞ்சல்பெட்டி மூடப்படும், மறுநாள் கடவுச்சொல்லை மீட்க வழி இருக்காது. பரிந்துரைக்கக்கூடிய இரண்டு பேரிடம் நேரில் சம்மதம் வாங்கி, அவர்களுடைய சொந்தக் கைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களும் அடுத்த மாதம் வேறிடம் போகலாம்.

நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி நாளோடு முடிந்துவிடும். பல் மருத்துவரை, சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தால் அதற்கு முன்பே போய்வாருங்கள். வீட்டுக் கடனை மத்திய சேமநிதியிலிருந்து கட்டுகிறவர்கள் சாதாரணக் கணக்கில் உள்ள தொகையை மாதத் தவணையால் வகுத்துப் பாருங்கள். எத்தனை மாதம் பதற்றமில்லாமல் தேடலாம் என்று அந்த எண் சொல்லும். ஆறு என்றால் நல்ல வேலைக்குக் காத்திருக்கலாம். இரண்டு என்றால் ஒப்பந்த வேலையையும் இப்போதே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

நியாயமில்லாமல் வேலையை விட்டு நீக்கினார்கள் என்று புகார் செய்யக் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம். சம்பள பாக்கிக்கு ஆறு மாதம். இரண்டுக்கும் போக வேண்டிய இடம் டிஏடிஎம் எனப்படும் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணி. "முதல்ல வேலை கிடைக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டு அந்த ஒரு மாதத்தைத் தவறவிடுகிறவர்கள் பலர். ஆட்குறைப்பு இழப்பீட்டில் சேவை ஆண்டு ஒன்றுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை என்பது வழக்கம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய சட்டப்படி கட்டாயமில்லை. அதனால்தான் ஒப்பந்தத்தின் நகல் கையில் வேண்டும் என்பது.

பாஸில் இருப்பவர்களுக்கு

இவர்களுக்குக் கணக்கு வேறு. கடைசி வேலை நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் நிறுவனம் பாஸை ரத்து செய்ய வேண்டும். ரத்தானதும் 30 நாள் குறுகியகால வருகை அனுமதி கிடைக்கும். அந்த 30 நாளில் வேலை செய்யக்கூடாது, தேடலாம். குடும்பத்தினரின் சார்ந்திருப்போர் அனுமதியும் கூடவே போய்விடும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். புதிய நிறுவனம் இன்னும் விளம்பரமே செய்யவில்லை என்றால் அதற்கு 14 நாள். இணையவழி எம்பிளாய்மென்ட் பாஸ் விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு முடிவு வர 10 வேலை நாள், அதாவது இரண்டு வாரம். மொத்தம் 28 நாள் ஆகிவிட்டது, நேர்காணலுக்கு மீதம் இரண்டே நாள். ஆகவே பாஸில் இருப்பவர் விளம்பரத்தின் வயதை நேர்மாறாகப் படிக்க வேண்டும். ஏற்கெனவே 14 நாள் ஓடி முடித்த, இன்னும் ஆள் கிடைக்காத விளம்பரங்கள்தான் உங்களுக்கு முதல் வரிசை. தேடலையும் கடைசி நாளுக்குப் பிறகு தொடங்கினால் ஆகாது. முன்னறிவிப்புக் காலம் முழுவதையும் இதற்கே செலவழிக்க வேண்டும்.

விடுப்பு மீதம் இருந்தால் அதை முன்னறிவிப்புக் காலத்தில் கழித்து முன்கூட்டியே விடைபெற வேண்டாம். கடைசி நாள் முன்னால் வந்தால் அந்த 30 நாளும் சேர்ந்து முன்னால் வந்துவிடும். விடுப்பை விடுப்பாகவே எடுத்து நேர்காணல்களுக்குப் போய், கடைசி நாள் தள்ளியே இருக்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். முதலாளி ஒப்புக்கொள்ள வேண்டும்தான், ஆனால் கேட்டால் பலர் தருகிறார்கள்.

பலரைத் திகைக்கவைப்பது ஐஆர்21. வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டால் நிறுவனம் வருமான வரி ஆணையத்துக்கு வரித் தீர்வுப் படிவம் அனுப்பி, கொடுக்க வேண்டிய பணம் முழுவதையும் நிறுத்திவைக்க வேண்டும். கடைசிச் சம்பளம், விடுப்புக்கான தொகை, ஊக்கத்தொகை எல்லாமே இதில் அடக்கம். வரி கழித்தபிறகுதான் கைக்கு வரும். இதில் நிறுவனத்தின் சூழ்ச்சி ஒன்றுமில்லை, விதி அப்படி. வாடகைக்கும் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கும் அந்தக் கடைசிச் சம்பளத்தை நம்பியிருக்காதீர்கள்.

நேர்காணலில் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எம்பிளாய்மென்ட் பாஸ் என்றால், "என் விவரத்தை மனிதவள அமைச்சின் சுய மதிப்பீட்டுக் கருவியில் போட்டுப் பார்த்தீர்களா?" காம்பஸ் என்ற புள்ளி மதிப்பீட்டு முறையில் 40 புள்ளி தேவை. அதில் பாதி உங்கள் சம்பளத்தையும் படிப்பையும் பொறுத்தது, மீதி அந்த நிறுவனத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அது உங்கள் கையில் இல்லை. சம்பளத்திலும் ஒரு தரை உண்டு: 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சம் 5,600 வெள்ளி, நிதித் துறையில் 6,200. வயது ஏற ஏற அதுவும் ஏறி, நாற்பதுகளின் நடுவில் 10,700 வரை போகும். எஸ் பாஸ் என்றால் கேள்வி இன்னும் எளிது: "எஸ் பாஸில் ஆள் எடுக்க உங்களுக்கு உள்ள ஒதுக்கீட்டில் இன்னும் இடம் இருக்கிறதா?" இல்லை என்று வந்தால் மூன்று சுற்று நேர்காணலுக்குப் போகிற அலைச்சல் மிச்சம்.

பெயரும் சுயவிவரமும்

நம் ஆட்களுக்கு மட்டுமே வருகிற சிக்கல் ஒன்று, பெயர். அடையாள அட்டையில் எஸ்/ஓ அல்லது டி/ஓ போட்ட பெயர். பட்டச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால். லிங்க்ட்இன்னில் தந்தை பெயர் குடும்பப் பெயராகப் பின்னால். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. நான்கு இடத்தில் நான்கு விதமாக இருந்தால் பின்னணிச் சரிபார்ப்பு செய்கிற நிறுவனம் "பொருந்தவில்லை" என்று கொடி காட்டும், வேலைக் கடிதம் இரண்டு வாரம் நிற்கும். அடையாள அட்டையில் அல்லது கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள், அழைக்கும் பெயரை வேண்டுமானால் தனியே குறிப்பிடலாம். சான்றிதழில் வேறாக இருந்தால், நேர்காணல் முடிந்த அன்றே மனிதவளப் பிரிவுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சுயவிவரத்தில் அடையாள அட்டை எண், பிறந்த தேதி, மதம், இனம், திருமண நிலை, தந்தையின் தொழில் எதுவும் வேண்டாம். ஊர்ப் பழக்கத்தில் இவற்றையெல்லாம் ஒரு கட்டம் கட்டிப் போடுவது இன்னும் நடக்கிறது. அடையாள அட்டை எண்ணைத் தேவையில்லாமல் வாங்கக்கூடாது என்று நிறுவனங்களுக்கே 2019 செப்டம்பர் முதல் கட்டுப்பாடு இருக்கும்போது, நாமாகப் போய் ஏன் கொடுக்க வேண்டும்?

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. பிடிஎஃப் கோப்பைத் திறந்து, முழுவதையும் நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். விண்ணப்பங்களை வரிசைப்படுத்தும் மென்பொருளுக்கு உங்கள் சுயவிவரம் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். இரண்டு நெடுவரிசை வடிவமைப்பு போட்டிருந்தால் இடது வரியும் வலது வரியும் கலந்து போயிருக்கும். தொலைபேசி எண்ணைப் பக்கத் தலைப்புப் பகுதியில் வைத்திருந்தால் காணாமலே போயிருக்கலாம். படமாகச் செருகிய சான்றிதழ்ச் சின்னங்கள் வராது. ஒரே நெடுவரிசை, சாதாரண எழுத்துரு, இரண்டு பக்கம் போதும்.

"சரக்கு நிர்வாகத்துக்குப் பொறுப்பு" என்ற வரியால் பயனில்லை. எத்தனை கிடங்கு, எத்தனை வகைப் பொருள், கணக்கெடுப்பில் பிழை எவ்வளவு இருந்து எவ்வளவாகக் குறைந்தது, எந்த மென்பொருளில் என்று எழுதுங்கள். எண் நினைவில் இல்லையென்றால் பழைய சக ஊழியரைக் கேளுங்கள். ஊகித்துப் போட்ட எண் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே உடையும்.

அட்டவணை

விண்ணப்பங்களைக் குறித்துவைக்க எக்செல்லில் ஏழு நெடுவரிசை: நிறுவனம், வேலை, விளம்பரம் வந்த தேதி, விண்ணப்பித்த தேதி, எந்தச் சுயவிவரக் கோப்பு, பேசிய ஆள், அடுத்த செயலின் தேதி. கடைசி நெடுவரிசை காலியாக ஒரு வரியும் இருக்கக்கூடாது. காலையில் அதைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தினால் அன்றைய வேலை மேலே வந்து நிற்கும்.

விண்ணப்பித்து ஏழு வேலை நாள் கழித்து ஒரு மின்னஞ்சல், நான்கு வரிக்குள்: எந்த வேலை, எப்போது விண்ணப்பித்தேன், விளம்பரத்தில் கேட்ட எந்த ஒன்றை நான் செய்திருக்கிறேன், எப்போது சேர முடியும். "என் விண்ணப்பம் என்ன ஆயிற்று" என்று மட்டும் கேட்பது எதிராளிக்கு வேலை வைப்பது, பதில் வராது. இன்னும் ஏழு நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. அதற்கும் மௌனம் என்றால் வரியை மூடிவிட்டு நகருங்கள். மூன்றாவது நினைவூட்டல் பயன் தந்ததாகத் தெரியவில்லை.

முப்பது வரி சேர்ந்ததும் அட்டவணை நோயைச் சொல்ல ஆரம்பிக்கும். முப்பதில் ஓர் அழைப்புகூட இல்லையென்றால் சுயவிவரம் சரியில்லை, அல்லது பொருந்தாத வேலைகளுக்குப் போடுகிறீர்கள். இன்னும் முப்பது போட்டாலும் அதே கதைதான், நிறுத்தித் திருத்துங்கள். முதல் அழைப்பு வருகிறது, நேர்காணல் வரவில்லை என்றால் பெரும்பாலும் சம்பள எதிர்பார்ப்பு அல்லது சேரும் தேதி. கடைசிச் சுற்று வரை போய் நழுவினால் பரிந்துரைப்பவரையும், உங்களோடு அந்தச் சுற்றில் இருந்தவரிடம் இருந்த எது உங்களிடம் இல்லை என்பதையும் பாருங்கள். நிராகரித்தவரிடம் "எந்த ஒன்று குறைந்தது?" என்று கேட்டால் சிலராவது நேர்மையாகச் சொல்வார்கள்.

தெரிந்தவர்களிடம் கேட்பதில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒரே மாதிரி. "அண்ணே, எங்கயாவது வேலை இருந்தா சொல்லுங்க." அண்ணனும் "சொல்றேன்பா" என்பார், அதோடு முடிந்தது. அவர் செய்வதற்கு அந்தக் கேள்வியில் ஒன்றுமே இல்லை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, உங்க கம்பெனியில கொள்முதல் பிரிவை யார் பாக்குறாங்க? அவங்ககிட்ட பதினைஞ்சு நிமிஷம் போன்ல பேசணும், என் பேரைச் சொல்லி ஒரு வாட்ஸ்அப் மட்டும் போட்டு விடுறீங்களா?" அனுப்ப வேண்டிய இரண்டு வரியையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். தேக்காவில் ஒரு தே தாரே குடிக்கும் நேரத்தில் முடிகிற உதவி அது. வேலை போனதை உறவினர்களிடம் மறைக்கிறவர்கள் இந்த வழியை முதல் நாளே அடைத்துவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் கேள்வி வரும் என்ற பயம் புரிகிறது, ஆனால் அந்தக் கல்யாண வீட்டில்தான் மூன்று நிறுவனங்களின் மேலாளர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

அரசாங்க உதவியும் பயிற்சியும்

தானாக விலகாமல் வேலை இழந்த சிங்கப்பூரர்களுக்காக 2025 ஏப்ரலில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் தொடங்கியது. முந்தைய சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்போகாமல் இருக்க வேண்டும், கடந்த 12 மாதத்தில் குறைந்தது 6 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். முதல் மாதம் 1,500, இரண்டாவது 1,250, மூன்றாவது 1,000, அடுத்த மூன்று மாதம் 750 வீதம், ஆக மொத்தம் 6,000 வெள்ளி வரை. ஒவ்வொரு மாதமும் விண்ணப்பம், வேலை ஆலோசனை, பயிற்சி போன்றவற்றால் 10 புள்ளி சேர்த்தால்தான் அந்த மாதத் தொகை வரும். மேலே சொன்ன அட்டவணை இங்கேயும் கைகொடுக்கும். நேரில் ஆலோசகரைப் பார்க்க ஊழியரணி சிங்கப்பூரின் கேரியர்ஸ் கனெக்ட் நிலையங்களும், ஜூரோங் ஈஸ்ட்டில் தொழிற்சங்கத்தின் இ2ஐ கழகமும் உள்ளன. வெறும் கையோடு போகாமல், பிடித்த மூன்று விளம்பரங்களை அச்செடுத்துக்கொண்டு போனால் பேச்சு பொதுவாக அலையாது.

பயிற்சி பற்றி ஓர் எச்சரிக்கை. வகுப்பில் உட்கார்ந்திருப்பது வேலை தேடுவதுபோல் உணரவைக்கும், ஆறு வாரம் ஒரு விண்ணப்பமும் போகாமல் ஓடிவிடும். முதலில் உங்களுக்குப் பொருந்தும் 20 விளம்பரங்களை எடுத்து, எந்தத் திறன் எத்தனை தடவை கேட்கப்படுகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். எட்டுக்கு மேல் வருகிற, உங்களிடம் இல்லாத ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் பணம் கட்டுங்கள். 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2024 மே மாதம் பயிற்சிக்காகக் கிடைத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை எல்லா வகுப்புக்கும் செல்லாது. தேர்ந்தெடுக்கப்பட்ட வகுப்புகளுக்கு மட்டும்தான், காலாவதி கிடையாது, ஆகவே அவசரமில்லை. துறை மாறுகிறவர்களுக்கு வகுப்பைவிட வேலை மாற்றுத் திட்டம் நல்லது. நிறுவனம் முதலில் வேலைக்கு எடுத்துக்கொள்ளும், பயிற்சிக் காலத்தில் சம்பளத்தின் பெரும்பகுதியை அரசாங்கம் நிறுவனத்துக்குக் கொடுக்கும்.

தேடுகிறவரைத் தேடி மோசடிக்காரரும் வருவார். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ தானாக வந்து விழும் வேலை, காணொளிக்கு விருப்பக்குறி போட்டால் பணம், முதலில் முன்பணம் கட்டு என்பவை எல்லாமே ஒரே வலை. முகவை என்றால் உரிம எண்ணும், ஆள் என்றால் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். மனிதவள அமைச்சின் தளத்தில் இரண்டையும் சரிபார்க்கலாம். சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடி உதவி எண்ணை அழையுங்கள்.

கடிதம் வந்தபிறகு

சம்பளத்தை மாதக் கணக்கில் ஒப்பிடாதீர்கள். பழைய இடத்தில் 4,500 வெள்ளியும் 13ஆவது மாதச் சம்பளமும் என்றால் ஆண்டுக்கு 58,500. புதிய இடத்தில் 4,700, 13ஆவது மாதம் இல்லை என்றால் 56,400. கூடியதுபோல் தெரிகிறது, குறைந்திருக்கிறது.

இன்னும் பழைய வேலையில் இருக்கிறவர்கள் வாய்ச்சொல்லை நம்பி விலகல் கடிதம் கொடுக்கக்கூடாது. கையெழுத்திட்ட கடிதம் வேண்டும், பாஸ் தேவைப்படுகிறவர்களுக்குக் மனிதவள அமைச்சின் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதமும் வேண்டும். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எழுதப்படவில்லை என்றால் வேலை நியமனச் சட்டத்தின் கணக்கு பொருந்தும்: 26 வாரத்துக்குக் குறைந்த சேவைக்கு ஒரு நாள், இரண்டு ஆண்டுக்குள் ஒரு வாரம், ஐந்து ஆண்டுக்குள் இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம்.

சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகள் எழுத்தில் உங்கள் கைக்கு வர வேண்டும். அது வந்து, கடிதத்தில் சொன்னதோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கும்வரை அட்டவணையை அழிக்காதீர்கள். ஒத்துப்போனதும் திறந்திருக்கிற ஒவ்வொரு வரியிலும் உள்ள நிறுவனத்துக்கு, விலகிக்கொள்வதாக இரண்டு வரி. பெயரைச் சொல்லி வாட்ஸ்அப் போட்டுவிட்ட அந்த அண்ணனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, எங்கே சேர்ந்தீர்கள் என்று சொல்லி.